சித்திரகுப்தன் கணக்குக்கு ஒரு வரம்பு

1018-ஆம் ஆண்டு, காபூலுக்கு அருகே ஒரு சிற்றூர். வானத்தை அளக்கும் கருவி எதுவும் அப்போது அறிஞர் அல்-பிரூனியிடம் இல்லை. கணக்குப் போடும் பலகையைத் திருப்பி, அதன் முதுகில் ஒரு வட்டத்துண்டை வரைந்து, பாகைகளைக் குறித்துக்கொண்டு சூரியனின் உயரத்தை அளந்தார். இத்தனை பிடிவாதத்துக்கான காரணங்களில் ஒன்று தொழுகை. ஓர் ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால்தான், அங்கே நிற்பவர் மக்காவின் கஃபாவை நோக்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று துல்லியமாகச் சொல்ல முடியும். ஊர்களின் இருப்பிடத்தைக் கண்டறிவது பற்றி அவர் 1025-இல் முடித்த நூலில், கஜ்னி நகரத்தின் கிப்லாவையும், அதாவது தொழுகைத் திசையையும், கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். தான் எங்கே நிற்கிறோம் என்று மாலுமியும் கேட்டான், வரி வசூலிப்பவனும் கேட்டான். பக்தன் கேட்டபோது அதிலிருந்து தனியாக ஒரு கணிதமே கிளைத்தது.

இன்று அந்தக் கணக்கைக் கைபேசி ஒரு நொடியில் போட்டுவிடுகிறது. சென்னையில் நிற்பவருக்குக் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறக்குறைய 18 பாகை வடக்கே சாய்ந்த திசை. பூமி உருண்டை என்பதால், தட்டையான வரைபடத்தில் கோல் வைத்துப் பார்த்தால் திசை பிசகிவிடும். இந்தோனேசியாவின் உலமா சபையே 2010 மார்ச்சில் கிப்லா மேற்கு என்று அறிவித்து, அதே ஆண்டு ஜூலையில் வடமேற்கு என்று திருத்திக்கொண்டது. கைபேசி வேண்டாம் என்பவருக்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. மே 28, ஜூலை 16 வாக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. இந்திய நேரப்படி மே மாதத்தில் பிற்பகல் 2.48, ஜூலையில் 2.57. அந்த நிமிடத்தில் ஒரு குச்சியை நட்டு, நிழல் விழும் திசைக்கு எதிர்த்திசையில் திரும்பினால் கிப்லா. செலவு இல்லை, பதிவும் இல்லை.

பதிவு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. 2020 நவம்பரில் ‘வைஸ்’ இதழின் தொழில்நுட்பப் பிரிவான ‘மதர்போர்டு’ ஒரு செய்தி வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் உலகமெங்கும் 9.8 கோடிக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்ட ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலி, தன் பயனர்களின் இருப்பிடத் தகவலை ‘எக்ஸ்-மோட்’ என்ற தரவுத் தரகு நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்கள் இருந்தன. செய்தி வெளியானதும் செயலி நிறுவனம் அந்த உறவை முறித்துக்கொண்டதாக அறிவித்தது. அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் நிரல் துண்டைச் செயலிகளிலிருந்து அகற்றச் சொல்லின.

இதை வெறும் விளம்பர வியாபாரம் என்று ஒதுக்கிவிட அமெரிக்க முஸ்லிம்களால் முடியவில்லை. அவர்களுக்கு ஒரு முன்னனுபவம் இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க் காவல்துறை ஒரு தனிப் பிரிவை அமைத்து, பள்ளிவாசல்கள், முஸ்லிம்கள் கூடும் தேநீர்க் கடைகள், புத்தகக் கடைகள் என எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2011-இல் இதை வெளிக்கொண்டுவந்தது; அடுத்த ஆண்டு அந்தச் செய்தித் தொடருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்தப் பிரிவின் குறிப்புகளிலிருந்து ஒரு பயங்கரவாதத் துப்புகூடக் கிடைக்கவில்லை என்று 2012-இல் மூத்த அதிகாரி ஒருவரே சாட்சியம் அளித்தார். 2014-இல் பிரிவு கலைக்கப்பட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு ஆள் அலைந்து செய்த வேலையை, சில ஆண்டுகளில் தொழுகையாளியின் பாக்கெட்டே இலவசமாகச் செய்யத் தொடங்கியிருந்தது.

சாட்டிலைட் மேலேயிருந்து பார்க்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மை அதுவல்ல. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தங்கள் இடத்தையும் நேரத்தையும் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். குறைந்தது நான்கின் அறிவிப்பைக் கேட்டு, தான் எங்கே இருக்கிறோம் என்று கைபேசி தனக்குள்ளே கணக்கிட்டுக்கொள்கிறது. அதைக் கேட்டது யார், எத்தனை பேர் என்று செயற்கைக்கோளுக்குத் தெரியாது. வானம் குருடு, பேசுவது பாக்கெட். செயலிக்குள் ஒட்டவைக்கப்பட்ட ஏதோ ஒரு நிரல் துண்டு, அந்தப் புள்ளியை விளம்பர அடையாள எண்ணோடு சேர்த்து யாருக்கோ அனுப்புகிறது. கூகுள் மேப்ஸில் சாலை சிவப்பாவதும் இதே வழியில்தான். பெர்லினில் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 கைபேசிகளை ஒரு கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலியான தெருவில் நெரிசல் என்று வரைபடம் சிவந்தது.

அனுப்பப்படும் தகவலில் பெயர் இல்லையே என்பது தரகர்களின் வழக்கமான பதில். 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசித் தடங்களை ஆராய்ந்து 2013-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால், நூற்றுக்கு 95 பேரைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிடலாம் என்று அது காட்டியது. இரவில் உறங்கும் வீடு, பகலில் வேலை செய்யும் இடம், வெள்ளிக்கிழமை மதியம் போகும் பள்ளிவாசல் அல்லது ஞாயிறு காலை போகும் தேவாலயம். பெயர் எதற்கு?

வேடிக்கை என்னவென்றால், இந்தத் துல்லியம் வழிபாட்டுக்குத் தேவையே இல்லை. தொழுகை நேரமோ ராகு காலமோ சூரியனை வைத்துப் போடும் கணக்கு. சென்னையின் அட்சரேகையில் பத்துக் கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தால் சூரிய உதயம் முந்துவது இருபத்திரண்டு நொடி. பஞ்சாங்கச் செயலிக்கு ஊர்ப் பெயர் போதும், வீட்டுக் கூரை வேண்டியதில்லை. ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் ‘துல்லியமான இருப்பிடம்’ என்பதை அணைத்துவிட்டு உத்தேசமான இருப்பிடத்தை மட்டும் கொடுக்கும் வசதி இருக்கிறது. அந்தப் பொத்தான் அங்கே இருப்பது தெரிந்தவர்கள்தான் குறைவு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நம்பிக்கையாளர் ஒருவர் அமைதியாக ஒரு கேள்வி கேட்கலாம். கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பார்ப்பதற்குக் கூசாதவன் ஒரு கம்பெனி பார்ப்பதற்கு ஏன் கூச வேண்டும்? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? கேள்வி எளியது, ஆனால் அற்பமானதல்ல. மகாபாரதத்தில், தன்னை யாரென்றே தெரியாது என்று சபையில் சாதிக்கும் துஷ்யந்தனிடம் சகுந்தலை, சூரியனும் சந்திரனும் காற்றும் தீயும் பகலும் இரவும் சொந்த நெஞ்சும் சாட்சி என்று வாதாடுகிறாள். யாரும் பார்க்கவில்லை என்பது பாவிக்கு மட்டுமே ஆறுதல் என்பதுதான் அங்கே தொனி. விவிலியமும் குர்ஆனும் இதில் அவளோடு உடன்படும்.

ஆனால் அதே மரபுகள் மனிதக் கண்ணுக்கு என்ன விதித்தன என்று பார்த்தால் கதை மாறுகிறது.

கலீஃபா உமரைப் பற்றி இஸ்லாமிய மரபில் புழங்கும் கதை ஒன்றை இஸ்லாமிய அறிஞர் கஸ்ஸாலி தம் நூலில் எடுத்தாள்கிறார். இரவில் மதீனாவில் ரோந்து வந்த உமர், ஒரு வீட்டுக்குள்ளிருந்து வந்த கூத்துச் சத்தத்தைக் கேட்டுச் சுவரேறிக் குதிக்கிறார். உள்ளே ஒருவன் மதுவோடு இருக்கிறான். அகப்பட்டவன் நடுங்கவில்லை. நான் இறைவனுக்கு மாறாக ஒரு தப்புச் செய்தேன், நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள் என்கிறான். துருவித் துருவி வேவு பார்க்காதீர்கள் என்று இறைவன் சொல்லியிருக்க நீங்கள் வேவு பார்த்தீர்கள்; வீடுகளுக்கு வாசல் வழியே வாருங்கள் என்றிருக்கச் சுவரேறி வந்தீர்கள்; அனுமதி கேட்டு ஸலாம் சொல்லி நுழையச் சொல்லியிருக்க அதுவும் இல்லை. உமர் அவனைத் தண்டிக்கவில்லை. இனிக் குடிக்க மாட்டேன் என்ற வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கவனிக்க வேண்டியது இதுதான்: உள்ளே நடந்தது பாவம் என்பதில் கதைக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் கண்டுபிடித்த வழி தவறு. ஆட்சியாளர் என்றாலும், தடுக்க நினைத்தது பாவமே என்றாலும், வாசல் வாசல்தான்.

யூத மரபு இதைக் கட்டடச் சட்டமாகவே ஆக்கியது. முற்றத்தைப் பங்கிட்டுக்கொண்டு வாழ்பவர்களில் ஒருவர், அடுத்தவர் வாசலுக்கு நேராக வாசலோ, சன்னலுக்கு நேராகச் சன்னலோ திறக்கக் கூடாது என்று மிஷ்னாவின் ‘பாவா பத்ரா’ பகுதி சொல்கிறது. எட்டிப் பார்ப்பதால் வரும் சேதமும் சேதமே என்று தல்மூது அறிஞர்கள் வாதிட்டார்கள். சபிக்க வந்த பிலேயாம் இஸ்ரவேலரின் பாளையத்தைப் பார்த்ததும் வாழ்த்திவிட்டுப் போனதற்கு அவர்கள் சொல்லும் காரணம், ஒரு கூடாரத்தின் வாசலும் இன்னொன்றின் வாசலைப் பார்த்து இல்லை என்பது. எல்லாம் பார்க்கும் கடவுளின் முன்னால் வாழ்கிற சமூகம், ஒருவரை ஒருவர் பார்க்காமலிருக்க மதில் எழுப்பிக்கொண்டது.

மதிலுக்கு ஓர் உயரம் உண்டு. நிற்கிற மனிதனின் கண்மட்டத்தை மனதில் வைத்துக் கட்டுவார்கள். 2007-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூகுளின் ‘ஸ்ட்ரீட் வியூ’ கார், கேமராவைத் தன் தலைக்கு மேலே கம்பத்தில் வைத்துக்கொண்டு வந்தது. ஜப்பானில் வேலிக்கு அப்பால் வீட்டுக்குள் தெரிகிறது என்று புகார்கள் குவிய, 2009-இல் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி மறுபடி படமெடுக்க வேண்டியதாயிற்று. அதே ஆண்டு இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் அருகே பிராட்டன் கிராமத்தார் காரை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஜெர்மனியில் 2010-இல் இருபது நகரங்கள் வெளியாவதற்கு முன்பே சுமார் 2,44,000 குடும்பங்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்லி விண்ணப்பித்தன. நாஜிகளும் பிறகு கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசியும் பார்த்த பார்வையை மறக்காத நாடு அது. அந்தச் சந்தேகமும் வீண்போகவில்லை: தெருவைப் படமெடுத்த கார்கள், பூட்டில்லாத வைஃபை இணைப்புகளில் ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் துணுக்குகளையும் அள்ளிக்கொண்டு போனது அதே 2010-இல் தெரியவந்தது.

உயரத்திலிருந்து பார்ப்பவன் மீதான கோபம் தமிழ் மண்ணுக்கும் புதிதல்ல. வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே தொடங்கிய மாபெரும் நில அளவைக்குக் கோவில் கோபுரங்களே தோதான மேடைகள். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற அளவைக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சிதைந்தது. ஊரார் அதை எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள் என்பதை ஊகிக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். இந்தியாவின் வேறு பகுதிகளிலும் அளவைக்காரர்களின் தொலைநோக்கி அந்தப்புரத்தை எட்டிப் பார்க்கிறது என்ற மனக்கசப்பு எழுந்தது.

வீட்டைப் பார்ப்பது ஒன்று. ஒருவரின் தடத்தைத் தொகுத்து அவரையே படிப்பது வேறு. 2021 ஜூலையில் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். ‘தி பில்லர்’ என்ற கத்தோலிக்கச் செய்தித் தளம், சந்தையில் விலைக்குக் கிடைத்த இருப்பிடத் தரவை அலசி, தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கான ஒரு செயலியின் சமிக்ஞைகள் அவர் தங்கிய இல்லத்தோடும் அலுவலகத்தோடும் பொருந்திப்போவதைச் சுட்டிக்காட்டியிருந்தது. அவர் மீது குற்றவழக்கு இல்லை, புகார் கொடுத்தவர் இல்லை. 2023-இல் வாஷிங்டன் போஸ்ட் இன்னொன்றை எழுதியது: பழமைவாதக் கத்தோலிக்கர்களின் ஒரு குழு பல மில்லியன் டாலர் செலவழித்து இப்படிப்பட்ட தரவை வாங்கி, ஆயர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு குருவானவர் தன் வார்த்தைப்பாட்டை மீறினால் அதைச் சபை அறிய வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கத்தான் வேண்டும். ஆனால் பாவத்தை அறிவதற்குக் கத்தோலிக்கத் திருச்சபையிடமே எண்ணூறு ஆண்டு பழைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொருவரும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. அதே மூச்சில், கேட்ட குரு அதை வெளியே சொன்னால் பதவி பறிக்கப்பட்டு வாழ்நாள் முழுவதும் மடத்தில் தவம் இருக்க வேண்டும் என்றது. பாவம் செய்தவர் தானே நடந்து வந்து, தன் வாயால் சொல்கிறார்; கேட்பவரின் வாய் பூட்டப்படுகிறது; முடிவில் மன்னிப்பு. தரவுச் சந்தையில் இந்த மூன்றும் தலைகீழ். யாரும் வந்து சொல்லவில்லை. கேட்டவர் ஊருக்கே சொல்கிறார். மன்னிக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. அந்தக் குருவுக்கு அவருடைய ஆயர் அடுத்த ஆண்டே ஒரு பங்கைக் கொடுத்தார், பணிக்குத் திரும்பினார். இணையத்தில் அவர் பெயரைத் தேடுபவருக்கு இன்றும் முதலில் வருவது 2021 ஜூலைதான்.

இதனால் பார்க்கப்படுவதே தீங்கு என்று முடிவுகட்டிவிட முடியாது. யாரும் தன்னைப் பார்க்கவில்லையே என்பதுதான் உலகில் பலருக்குத் துயரம். ஆதியாகமத்தில் கருவுற்ற எகிப்திய அடிமைப்பெண் ஆகார், எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். ஊற்றருகே தூதன் அவளைக் கண்டு பேசியபோது, தன்னைப் பார்ப்பவர் என்றே அவள் கடவுளுக்குப் பெயர் சூட்டுகிறாள். அவளுக்கு அந்தப் பார்வை மீட்பு.

நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதிக்கு 2009 வரை வரைபடமே கிடையாது. லட்சக்கணக்கானோர் வாழ்ந்த அந்த இடம் அரசு வரைபடத்தில் காடு. அந்த ஆண்டு அங்கிருந்த இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து, குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி எல்லாவற்றையும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’பில் ஏற்றினார்கள். இரண்டு மாதம் கழித்து, 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம். எங்கெங்கோ இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துப் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தின் தெருக்களைச் சில நாளில் வரைந்து முடிக்க, மீட்புக் குழுக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு இடிபாடுகளுக்குள் நுழைந்தன. 2015 வெள்ளத்தில் சென்னைக்காரர்களும் இதையே செய்தார்கள். எங்கள் தெருவில் தண்ணீர் என்று தாங்களாகவே வரைபடத்தில் தொட்டுக் குறித்தார்கள். மூழ்கிய தெருக்கள் ஒன்றொன்றாக நிறம் மாறின. அன்று மறைந்திருக்க விரும்பியவர் யாருமில்லை.

எதற்காகக் கணக்கெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது வேறுபாடு. தாவீது ராஜா குடிமக்களைக் கணக்கெடுக்கச் சொன்னபோது தளபதி யோவாபுக்கே அது பிடிக்கவில்லை. ஆனாலும் யோர்தானைக் கடந்து தாண் முதல் பெயெர்செபா வரை நாடு முழுக்கச் சுற்றி, ஒன்பது மாதமும் இருபது நாளும் கழித்து எண்ணிக்கையோடு திரும்புகிறார். எண்ணப்பட்டவர்கள் எல்லோரும் வாளுருவும் ஆண்கள். விளைவு கொள்ளைநோய், எழுபதாயிரம் சாவு. கணக்கெடுப்பில் அப்படி என்ன பாவம் என்று உரையாசிரியர்கள் இன்றுவரை தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். யாத்திராகமம் ஒரு மாற்று வழியும் சொல்கிறது: எண்ணும்போது ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்கு. பணக்காரனும் அதற்கு மேல் தர வேண்டாம், ஏழையும் குறைக்க வேண்டாம். தலையை எண்ணாமல் காசை எண்ணும் அந்த ஏற்பாட்டில் ஆள் யாரென்று தெரியாது, தொகை மட்டும் தெரியும். இன்றைய புள்ளியியலாளர்கள் பெரும்பாடுபட்டுச் செய்ய முயல்வதும் ஏறக்குறைய அதுவே.

மதங்களுக்கு இவ்வளவு நற்சான்று கொடுத்தபின் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மதத்தின் பெயரால் நடந்த வேவு, எந்தச் செயலியையும்விடக் கொடியது. ஜப்பானில் மிருகங்களைக் கொல்வதும் தோல் பதனிடுவதும் தீட்டு என்ற ஷிண்டோ, பௌத்தக் கருத்துகளின் நிழலில் ஒரு மக்கள் கூட்டமே ஒதுக்கி வைக்கப்பட்டது. தொழிலும் சட்டமும் மாறியபின்னும் அவர்களைக் காட்டிக்கொடுத்தது ஊர்ப் பெயர். அந்த ஊர்களின் பட்டியலை ரகசியமாக அச்சிட்டுப் பெரிய நிறுவனங்களுக்கு விற்றதும், வேலை கேட்டு வருபவர்களை வடிகட்ட அவை அதைப் பயன்படுத்தியதும் 1975-இல் அம்பலமாயின. கணினி எதுவும் இல்லாமல் நடந்த தரவுத் தரகு. பிறகு கூகுள் எர்த்தில் பழைய தோக்கியோ, ஒசாகா வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் போர்த்திக் காட்டினார்கள். அழகான வேலைதான், ஆனால் பழைய வசைப்பெயரோடு அந்தக் குடியிருப்புகளும் துலங்கின. எதிர்ப்பு எழுந்ததும் 2009-இல் பெயரை அழித்தார்கள்.

தமிழ்நாட்டில் வாடகைக்கு வீடு பார்ப்பவரிடமும் பெண் கேட்டு வருபவரிடமும் ஊரைக் கேட்ட கையோடு தெருவையும் ஏன் கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து, சாதியைக் காட்டிக்கொடுக்கும் ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று முதல்வர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பெயர்ப்பலகையை மாற்றிய பிறகும் அட்சரேகை, தீர்க்கரேகை மாறுவதில்லை.

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில், யமனின் கணக்கரான சித்திரகுப்தனுக்குக் கோவில் இருக்கிறது. கையில் ஏடும் எழுத்தாணியும். சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் நெரியும். தங்கள் கணக்கைக் கொஞ்சம் பார்த்துப் போடச் சொல்லி வேண்டிக்கொள்வதற்காக வருகிறார்கள். கூகுளின் ‘டைம்லைன்’ இதைவிடச் சுத்தமான ஏடு: எந்த நாள், எந்தக் கடை, எத்தனை நிமிடம். இருப்பிட வரலாற்றை அணைத்து வைத்த பின்பும் வேறொரு அமைப்பின் வழியே பதிவு தொடர்ந்தது என்று 2018-இல் அசோசியேட்டட் பிரஸ் கண்டுபிடித்தது. நாற்பது அமெரிக்க மாநிலங்கள் தொடுத்த விசாரணையை முடித்துக்கொள்ள 2022-இல் கூகுள் 39.15 கோடி டாலர் கொடுத்தது.

சித்திரகுப்தன் எழுதியதை வைத்துத் தீர்ப்புச் சொன்ன யமனையே கூண்டில் ஏற்றிய ஒருவர் மகாபாரதத்தில் இருக்கிறார். மாண்டவ்ய முனிவர் மௌன விரதத்தில் இருக்கும்போது கள்வர்கள் திருட்டுப் பொருளை அவருடைய ஆசிரமத்தில் ஒளித்து வைக்கிறார்கள். காவலர்கள் கேட்கிறார்கள், அவர் பேசவில்லை. பொருள் அங்கே கிடைத்துவிட்டது, அது போதாதா? கழுவில் ஏற்றுகிறார்கள். உயிர் போகாததைக் கண்டு பதறிய அரசன் மன்னிப்புக் கேட்டு இறக்குகிறான். கழுமுனை உடலிலேயே தங்கிவிட, ஆணிமாண்டவ்யர் ஆகிறார். நேரே யமனிடம் போய், எந்தப் பாவத்துக்கு இந்தத் தண்டனை என்று கேட்கிறார். சிறுவயதில் ஒரு பூச்சியை ஈர்க்கில் குத்தினாய் என்கிறான் யமன். இத்தனை சிறிய குற்றத்துக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று கொதித்து, பதினான்கு வயதுக்குள் செய்தது இனிக் கணக்கில் வராது என்று விதியையே திருத்துகிறார் முனிவர். யமனுக்குச் சாபம்: பூமியில் விதுரனாகப் பிறப்பு.

இருந்த இடத்தை வைத்துக் குற்றவாளியாக்கப்பட்டவரின் கதை அது. அமெரிக்காவில் ‘ஜியோஃபென்ஸ்’ ஆணை என்று ஒன்று உண்டு. குற்றம் நடந்த இடத்தைச் சுற்றி வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு, அந்த நேரத்தில் கட்டத்துக்குள் இருந்த எல்லாக் கைபேசிகளையும் தரச் சொல்லிக் காவல்துறை கேட்கும். 2020-இல் மட்டும் கூகுளுக்கு இப்படி 11,554 ஆணைகள் வந்தன. புளோரிடாவின் கெயின்ஸ்வில்லில் உடற்பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டியவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை ஒரு வீட்டைக் கடந்து போனார். அன்று அங்கே திருட்டு. உடற்பயிற்சிச் செயலி பதிந்த தடமே அவரைச் சந்தேக வளையத்துக்குள் கொண்டுவந்தது. வக்கீல் வைத்து மீண்டார். 2023 டிசம்பரில், டைம்லைன் ஏட்டை இனித் தன் கிடங்கில் வைக்காமல் பயனரின் கைபேசியிலேயே வைக்கப்போவதாகக் கூகுள் அறிவித்தது. கேட்டால் கொடுக்க நம்மிடம் இருந்தால்தானே என்ற வியாபாரச் சாமர்த்தியமாகவும் இதைப் படிக்கலாம், பலன் பலன்தான். அடுத்த மாதம் அமெரிக்க வணிக ஆணையம், எக்ஸ்-மோடும் அதன் வாரிசு நிறுவனமும் மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களின் தரவை விற்கக் கூடாது என்று தடுத்தது.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பின்தொடரக் கூடாது, அவர்களின் நடத்தையைக் கண்காணிக்கக் கூடாது என்று அதன் 9-ஆம் பிரிவு சொல்கிறது. மாண்டவ்யர் போட்ட வரம்பைவிட நான்கு வயது தாராளம். ஆனால் மத நம்பிக்கையைக் கூடுதல் பாதுகாப்புக்குரிய தகவலாக முந்தைய மசோதாக்கள் வைத்திருந்த தனி வகை, நிறைவேறிய சட்டத்தில் இல்லை. ஐரோப்பியச் சட்டம் இன்னும் அதை வைத்திருக்கிறது. இங்கே ஒருவர் எந்தப் பள்ளிவாசலுக்கு, எந்தத் தேவாலயத்துக்கு, எந்தச் சாமியார் மடத்துக்குப் போய்வருகிறார் என்ற தடத்துக்கும், எந்தத் துணிக்கடைக்குப் போய்வருகிறார் என்ற தடத்துக்கும் சட்டத்தின் முன் ஒரே மதிப்பு. 17-ஆம் பிரிவோ, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்கிறது. மாண்டவ்யர் போய் நின்று நியாயம் கேட்ட இருக்கை அதுதான். எந்த அமைப்புக்கு அந்த விலக்கு என்று முடிவு செய்வதும் அதே அரசு.